பிளாஸ்டிக் தாளின் மேல் வள்ளிக்கண்ணு

கே.கே. நகரின் அந்தத் தெருவுக்கு கான்கிரீட் சாலை போடுவதுதான் இன்ஜினியர் அனுசுயா தனியாகப் பொறுப்பேற்ற முதல் வேலை. அடித்தளம் இறுகிவிட்டது. மேஸ்திரி காத்தமுத்துவின் ஆட்கள் அதன்மேல் பிளாஸ்டிக் தாளை விரித்துக்கொண்டிருந்தார்கள். கான்கிரீட் லாரி மன்னார்புரத்தைத் தாண்டிவிட்டதாக போன் வந்த நேரம் பார்த்து, மாவுக்கடை வள்ளிக்கண்ணு வந்து குறுக்கே நின்றார்.

"ஏம்மா, ரோட்டுக்கு அடியில பிளாஸ்டிக்கப் போட்டு மூடுறீங்களே, இது என்ன ஏமாத்து வேலை? தரையோட ஒட்டாத ரோடு எப்படித் தாங்கும்?"

தெருவே கூடிவிட்டது. அனுசுயா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி விளக்கினாள்.

"ஒட்டக் கூடாதுன்னுதாங்க்கா போடுறோம். கான்கிரீட் வெயில்ல விரியும், குளிர்ந்தா சுருங்கும். அப்போ அது லேசா நகரணும். அடித்தளம் பிடிச்சு வச்சுக்கிட்டா வெடிச்சிரும்."

"இவ்வளவு கனத்த ரோடு நகருமாம்ல!" வள்ளிக்கண்ணு சிரித்தார். கூட்டமும் சேர்ந்து சிரித்தது.

அனுசுயாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "உங்க கடைச் சாக்கு ஒண்ணு குடுங்கக்கா. மேல சிமென்ட் மூட்டைய வச்சு இழுத்துக் காட்டுறேன்."

"மூட்டை எதுக்கு? நானே உக்காரறேன். முடிஞ்சா நகத்து, பாப்போம்."

தாள் விரிக்காத இடத்தில் சாக்கைப் போட்டு உட்கார்ந்தார். காத்தமுத்து மூச்சைப் பிடித்து இழுத்தார். சாக்கு அசையவில்லை, அவர் முகம்தான் சிவந்தது.

பிறகு ஓரமாக மிச்சத் தாளை விரித்து, சாக்கை அதன்மேல் போட்டார்கள். காத்தமுத்து அதே வேகத்தில் இழுத்தார். "ஆத்தாடி!" என்ற கூச்சலோடு வள்ளிக்கண்ணு சர்ரென்று தாளின் மறுமுனைக்குப் போய் மல்லாந்து விழுந்தார்.

போச்சு, முதல் வேலையிலேயே போலீஸ் கேஸ் என்று அனுசுயா பதறி ஓடினாள். கிட்டே போனால், வள்ளிக்கண்ணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இன்னொரு தடவை இழுங்க!"

அதன்பின் யாரையும் அடக்க முடியவில்லை. பேங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பீமராவ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். லாரி வந்து ஹாரன் அடித்தபோது வள்ளிக்கண்ணுதான் கையைக் காட்டி மறித்தார்.

"இருப்பா டிரைவரு, இன்ஜினியரம்மா இன்னும் ஏறல!"

அனுசுயா லாரியைப் பார்த்தாள். சாக்கைப் பார்த்தாள். ஹெல்மெட்டை அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்று கான்கிரீட் கொட்டக் கொஞ்சம் தாமதமாயிற்று.