பாட்டுக்கு நடுவே இருந்த சத்தம்

என் அண்ணன் சத்தம் துடைக்கிறவன். நடிகர்கள் பேசிய ஒலிப்பதிவை வாங்கி, அதில் கலந்திருக்கும் மின்விசிறி இரைச்சல், நாற்காலி இழுபடுவது, இருமல், எச்சில் விழுங்குவது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அழித்துக் கொடுப்பான். அம்மா போன கொஞ்ச நாளில், தான் வேலை செய்த புதுத் தொடர் ஒன்றை என் வீட்டு டிவியில் போட்டுக் காட்டினான். கரண்ட் பில் கட்டாதவர்கள் எடுத்ததுபோல அத்தனை இருட்டு. முதல் பாகம் முழுக்க ஒருத்தன் ஜன்னல் வழியே வெளியே பார்த்தான். இரண்டாம் பாகத்தில் அவன் மனைவி பார்த்தாள்.

"எப்படி இருக்கு?" என்றான் அண்ணன்.

"எல்லாரும் ஏன் குசுகுசுன்னு பேசுறாங்க? துக்க வீட்டுலகூட இதைவிடச் சத்தமாப் பேசுவாங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எங்கள் வீடே அப்போது துக்க வீடு. அம்மாவின் கடைசி நேரத்தில் அண்ணன் இந்தத் தொடருக்காகத்தான் போனை அணைத்துவிட்டு ஸ்டுடியோவுக்குள் உட்கார்ந்திருந்தான். அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதற்காக நான் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாகியிருக்குமோ என்னவோ.

எனக்கு வேலை பல் ஆஸ்பத்திரி வரவேற்பறையில். அங்கே சுவரில் ஒரு டிவி நாள் முழுக்க ஓடுகிறது. அதனால் இந்தக் காலத்துப் பாட்டு எதுவும் எனக்குத் தப்பாது. ஆரம்பிப்பதற்குள் முடிந்துவிடுகிறது. பாடுகிறவர் மூச்சு விடுவதே இல்லை, விட்டாலும் அண்ணன் மாதிரி யாராவது துடைத்துவிடுவார்கள். அதற்காகப் பழைய பாட்டெல்லாம் அமிர்தம் என்று பேசுகிற ஆளும் இல்லை நான். சின்ன வயதில் அம்மாவின் பாட்டுகளைக் கேட்டாலே ஓட்டம் பிடிப்பேன்.

அம்மாவின் துணி அலமாரியைக் காலி செய்தபோது ஒரு பிஸ்கட் டப்பா நிறைய கேசட் கிடைத்தது. பக்கத்திலேயே பழைய டேப் ரெக்கார்டர். சும்மா ஒன்றைப் போட்டேன். முன்னிசையே அத்தனை நீளம், அவசரமில்லாமல் வந்தது. பாடகி ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கியது கேட்டது. இவ்வளவு நல்ல பாட்டையா கிண்டல் செய்தோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது. துணி மடிப்பதை விட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பாட்டு முடிந்தது. அதற்குப் பிறகு வந்தது அம்மாவின் குரல்.

அந்தக் காலத்தில் அம்மா ரேடியோவுக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துத்தான் பதிவு செய்வாள். அறையில் கேட்பதெல்லாம் பாட்டோடு சேர்ந்து பதிந்துவிடும். பாத்திரம் விழுகிறது, நான் சிணுங்குகிறேன், அண்ணன் எதையோ ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறான். அம்மா சொல்கிறாள்: "டேய் லொடலொடா, இந்தப் பாட்டு முடியட்டும்டா. அப்புறம் நீ சொல்றதை எல்லாம் கேக்குறேன்."

வாய்விட்டு அழுதேன். தொண்டையில் கட்டி என்று ஆபரேஷன் செய்த பிறகு அம்மா பேசவில்லை. கை ஜாடை, சிலேட்டு, கைதட்டிக் கூப்பிடுவது என்று பல வருடம் ஓட்டினாள். எல்லோர் கையிலும் போன் வந்து, எல்லாவற்றையும் பதிவு செய்து தள்ளிய காலத்தில் அவளிடம் குரல் இல்லை. இருந்ததெல்லாம் அந்த டப்பாவில்தான்.

அடுத்த பாட்டிலேயே ரெக்கார்டர் நாடாவை இழுத்துச் சிக்கவைத்து மென்று தின்ன ஆரம்பித்தது. பதறி நிறுத்தினேன். டப்பாவை அப்படியே அண்ணனிடம் கொண்டுபோய், "அம்மா பாட்டுங்க. இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடு," என்றேன். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. அவனாகக் கேட்கட்டும், லொடலொடா என்று அம்மாவே அவனைக் கூப்பிடட்டும் என்று நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பென்டிரைவோடு வந்தான். முகத்தில் பல நாளாகப் பார்க்காத ஒரு தெளிவு. டிவியில் சொருகிப் போட்டான். அதே பாட்டு, நேற்றுப் பாடியதுபோலப் பளிச்சென்று இருந்தது. பாடகி மூச்சு வாங்கும் இடம் மட்டும் இல்லை. பாட்டு முடிந்தது. நான் இருக்கையின் நுனிக்கு வந்தேன். ஒரு நொடி நிசப்தம், அதற்குப் பிறகு அடுத்த பாட்டு.

"நடுவுல ஒண்ணும் இல்லையாண்ணா?"

"நிறைய இருந்துச்சு. ஒண்ணு விடாம எடுத்துட்டேன்," என்றான் பெருமையாக. "சத்தமெல்லாம் திரையில கோடு கோடா வரும், பாத்தாலே தெரியும். பாட்டு தடிமனா இருக்கும், நடுவுல முள்ளு முள்ளா ஏதோ சத்தம். ஸ்பீக்கரை அணைச்சுட்டு, கண்ணால பாத்தே எல்லாத்தையும் வெட்டினேன். அம்மா பாட்டைக் காதால கேக்க எனக்குத் தைரியம் வரலை. இப்பதான் உன்கூட உக்காந்து முதல் தடவை கேக்குறேன்."

"துடைக்காதது வச்சிருக்கியா?"

"சொந்த வேலையை ஸ்டுடியோ கம்ப்யூட்டர்ல வச்சா முதலாளி கத்துவார். அழிச்சுட்டேன்."

"கேசட்டுங்க?"

"பூஞ்சை பிடிச்சு, அறுந்து அறுந்து வந்துச்சு. ஒரு தடவை ஓடினதே பெரிய விஷயம். எல்லாம் குப்பைக்குப் போயாச்சு. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அவன் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. கூடவே அவன்மேல் இரக்கமும் வந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பியபோது அவன் கண்ணை மூடிப் பாட்டில் ஆழ்ந்திருந்தான்.

"எத்தனையோ நடிகருங்க குரல் என் காதுல நிக்குது," என்றான் கண்ணைத் திறக்காமலே. "ஒரு வார்த்தை கேட்டா ஆளைச் சொல்லிடுவேன். அம்மா குரல் மட்டும் மறந்துபோச்சு. எவ்வளவு யோசிச்சாலும் வர மாட்டேங்குது. நம்மகிட்ட எங்கயாவது இருக்குமா? ஏதாவது கல்யாண வீடியோல?"

சொல்ல வேண்டியது என் வாய்வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன்.

"இல்லண்ணா. எங்கயும் இல்ல."

அது பொய்யும் இல்லை.

அண்ணன் மெல்லத் தலையாட்டினான். சின்ன வயதில் அம்மா தன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்று கேட்டான். மறந்துவிட்டது என்றேன்.

"சரி விடு. இந்தப் பாட்டைக் கேளு," என்று அவன் சத்தத்தைக் கூட்டி வைத்தான்.