கதவு வரையப்படாத அறை

பல்கலைக்கழக அலுவலகம் விண்ணப்பத்தை முத்திரை குத்தி வாங்கிக்கொண்ட மறுநாள் காலை, தையல்காரியின் அறைக்குக் கதவு இல்லாமல் போயிற்று. கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது. சுண்ணாம்பு அடித்துப் பல வருடம் ஆன, அங்கங்கே மங்கிப்போன சுவர். தையல்காரி உள்ளே இருந்தாள். அவளுடைய தம்பி, தண்ணீர் லாரி ஓட்டுகிறவர், வழக்கம்போல் அக்காவுக்கு டீ எடுத்துக்கொண்டு போய் நேராகச் சுவரில் முட்டிக்கொண்டார். டீ கொட்டிப்போனதற்குத்தான் முதலில் கோபப்பட்டார்.

தையல்காரியின் மகளுக்கு மட்டும் பார்த்தவுடனே விளங்கிவிட்டது. கட்டடக்கலை, வடிவமைப்புப் படிப்புக்கு அவள் விண்ணப்பித்தது அது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் கற்பனை போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வயது வரம்புப்படி இதுதான் கடைசி. இந்தத் தடவை, வசிக்கும் வீட்டைத் தானே அளந்து வரைந்த தளப்படம் ஒன்றையும் சேர்த்துக் கேட்டிருந்தார்கள். அவள் டேப்பைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் அளந்தாள். பின்னறைக்கு வந்தபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒரு அம்மாள் புது உடுப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அளவு பார்க்கும்போது கதவைச் சாத்துவது அந்த வீட்டு வழக்கம். மூடிய கதவின் மேலேயே டேப்பை ஒரே நீளமாக ஓட்டிக் குறித்துக்கொண்டு, கதவின் அளவை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று அடுத்த சுவருக்குப் போனாள். அந்த அப்புறம் வரவே இல்லை. கடைசி நாள் அவசரத்தில் பென்சில் கோட்டின் மேல் மை போட்டபோது, சுவர் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நிற்காமல் போய்விட்டது.

மற்றதெல்லாமும் வரைந்தபடியே மாறியிருந்தது. பிறந்ததிலிருந்து கோணலாக இருந்த சமையலறைச் சுவர் நூல் பிடித்த மாதிரி நேராகியிருந்தது. அவள் வரையாமல் விட்ட விரிசல்கள் மறைந்துபோயின. வாடகை ஏற்றலாமா என்று வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார். பின்னறையை ஒட்டிய குளியலறையையும் அறைக்குள்ளிருந்தே அதற்குப் போகும் வழியையும் அவள் ஒழுங்காக வரைந்திருந்ததால் தையல்காரி பிழைத்தாள். வீட்டில் இருந்ததே அந்த ஒரு குளியலறை என்பதால் மகளும் அவள் மாமாவும்தான் அன்றிலிருந்து அண்டை வீட்டுத் தயவில் குளித்தார்கள். கொத்தனாரை அழைத்துச் சுவரை இடித்தார்கள். சாயங்காலம் ஆள் நுழையும் அளவுக்குப் பிளந்த இடம், உள்ளே இருந்தவள் கால் வைக்கும் முன்பே ஓசையில்லாமல் மூடிக்கொண்டது. கொத்தனார் மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார், பிறகு கூலி வாங்க மனசு வரவில்லை என்று நின்றுவிட்டார். சந்துப் பக்கத்து ஜன்னலின் கம்பிகளை மாமா அறுத்துப் பார்த்தார். படத்தில் கம்பிகள் இருந்தன. ஆகவே திரும்பவும் முளைத்தன.

ஒரே வழி, படத்தைத் திரும்ப வாங்கித் திருத்துவது. கொடுத்த தாளைத் திரும்பக் கேட்டால் விண்ணப்பமும் ரத்து என்று விதிமுறையில் போட்டிருந்தது. மகள் ஜன்னலுக்கு வெளியே நின்று அழுதாள். திருப்பி வாங்கிவிடுகிறேன் என்றாள்.

"பேசாம இருடி. ரெண்டு வருஷமா அந்த சீட்டுக்கு நாயா அலைஞ்சிருக்கே. நான் மட்டும் தெனம் எங்க ஊர் சுத்திட்டிருந்தேன்? மெஷின் உள்ள இருக்கு, நான் உள்ள இருக்கேன். துணிய ஜன்னல் வழியா குடு."

வாடிக்கைக்காரர்கள் சந்தில் வரிசையில் நின்றார்கள். கம்பிகளுக்கிடையே டேப்பை நீட்டி, திரும்பு என்றால் திரும்பி, கையைத் தூக்கு என்றால் தூக்கினார்கள். ஒரு மாதத்தில் அது எல்லோருக்கும் சாதாரணமாகிவிட்டது.

நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது பஸ்ஸிலேயே மகள் முடிவு செய்துவிட்டாள்: கேட்டால் தப்பு என்று ஒத்துக்கொள்வது, சீட்டு போனால் போகட்டும். தேர்வுக்குழுத் தலைவர் படத்தை மேசையில் விரித்து அதன்மேல் டீ கிளாஸை வைத்தார். அதே நேரத்தில் வீட்டில் தையல்காரியின் அறைத் தரையில் மெஷினைச் சுற்றி ஈரமாக ஒரு பழுப்பு வளையம் விழுந்தது. வாரக்கணக்கில் அந்த அறை டீ வாசம் அடித்தது. தலைவர் வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ரூமுக்குக் கதவே இல்லையே. ரொம்பத் துணிச்சல்தான். ஏன் இப்படி?"

துணிச்சல் என்ற சொல் அவளைக் கெடுத்தது. தப்பு என்று சொல்ல வாயைத் திறந்தவள், "அந்த ரூம்ல இருக்கறவங்க வெளியே வர்றதில்ல சார்," என்றாள். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத் தலையாட்டினார். தேர்வானவர்கள் பட்டியலில் அவள் பெயர் முதல் வரியில் வந்தது.

அன்றைக்குத் தையல்காரி எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கதவைப் பற்றிக் கேட்டார்களா, நீ என்ன சொன்னாய் என்றாள். மகள் சொன்னதைச் சொன்னாள். உள்ளே மெஷின் நின்றது. நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, "அதுவும் நெசந்தானே," என்றாள் தையல்காரி. மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டுத் துறைத் தலைவர் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் மாட்டினார்கள். மகள் தினமும் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போனாள். தாளில் காய்ந்த மையைச் சவர பிளேடால் சுரண்டி எடுக்க முதல் மாதமே கற்றுக்கொடுத்துவிட்டார்கள். பிளேடு எப்போதும் அவள் கருவிப் பெட்டியில் இருந்தது. முதல் வருடம், சுரண்டினால் சீட்டு போய்விடும் என்று பயந்தாள். அடுத்த வருடம் உதவித்தொகை போய்விடும் என்று பயந்தாள். மூன்றாம் வருடம் தையல்காரியே, "படிப்ப முடிச்சுட்டே பாத்துக்கலாம், இப்ப என்ன குறைஞ்சுபோச்சு," என்றாள். நான்காம் வருடம் பயமும் இல்லை. பழகிவிட்டது, அவ்வளவுதான். விடுமுறைக்கு வந்தால் சந்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அம்மாவுடன் பேசிக்கொண்டே சாப்பிடுவாள், படிக்கும் ஊருக்குத் திரும்புவாள். பெற்ற மகளுக்கு அது பழகியதே என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ஆனால் தெருவில் எங்கள் எல்லோருக்கும்தான் பழகியிருந்தது.

ஐந்தாம் வருடம் தையல்காரிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. டாக்டர் ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு ஸ்டெத்தாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றார். எப்படிச் சேர்ப்பது என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. மாமா மகளுக்குப் போன் போட்டார்.

"அக்காவ ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போகணும்மா. கதவு வேணும்."

"வியாழக்கிழமை கடைசி ஜூரி மாமா, பரீட்சை மாதிரி. அது முடிஞ்ச கையோட பண்ணிடறேன். ரெண்டு நாள்தானே?"

மாமா போனை வைத்துவிட்டார். அவருக்குத் திட்டத் தெரியாது, லாரியில் ஹாரன் அடிக்கத்தான் தெரியும். தையல்காரி புதன்கிழமை மத்தியானம் இறந்துபோனாள். மெஷினில் தலையைச் சாய்த்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த அவளுடைய தம்பியால் கையை எட்டி அவள் முடியைத்தான் தொட முடிந்தது.

செய்தி வந்தபோது மகள் தாழ்வாரத்தில் ஜூரிக்கான மாதிரிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்படியே போட்டுவிட்டு, ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளும்படி பியூனிடம் சொன்னாள். ஏறிப் படத்தைக் கழற்றி, சட்டத்தைப் பிரித்து, தாளைத் தரையில் விரித்தாள். துறைத் தலைவர் வெளியே வந்தார், அவள் முகத்தைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். பியூன் குனிந்து பார்த்தார்.

"திருத்தணுமா? இதுக்கா இவ்ளோ நாள் காத்திருந்தே? ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டிருந்தா மொத வருஷமே கழட்டிக் குடுத்திருப்பாங்களே. சேந்ததுக்கப்புறம் இத யாரு பாக்கறா?"

அவள் சுவரின் இரட்டைக் கோட்டில், பழைய கதவு இருந்த இடத்தில் பிளேடை வைத்துச் சுரண்டினாள். மை பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒரு ஆள் நடந்துவரும் அகலத்துக்குத் திறந்ததும் கை நின்றது. யோசித்தாள். அந்த அகலம் இப்போது எதற்கும் உதவாது. மறுபடி குனிந்து, நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வரும் அளவுக்குச் சுரண்டிக்கொண்டே போனாள். அவள் வரைந்ததிலேயே ஒரு தப்பும் இல்லாத அளவு அதுதான்.

வீட்டில் சுவர் ஓசையில்லாமல் விலகியது. தெருக்காரர்கள் நாலு பேர் உள்ளே போய்த் தையல்காரியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், யாருடைய தோளும் சுவரில் உரசவில்லை. அவ்வளவு அகலத்துக்குக் கதவு எந்தப் பட்டறையிலும் செய்யமாட்டோம் என்றார்கள். மாமா ஒரு திரையைத் தொங்கவிட்டுவிட்டு, அண்டை வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டு, அன்று முதல் தன் வீட்டிலேயே குளித்தார்.