போர்டில் விட்ட இடம்

மூன்றாம் வகுப்புக்கு 'ஆன' சேர்க்கக் கற்றுக்கொடுப்பது தங்கமாரி டீச்சருக்குப் பெரும்பாடு. "'அழகு'கூட 'ஆன' சேந்தா கடைசி 'உ' ஓடிப்போயிரும். அழகான!" என்று தொண்டை வறளச் சொல்வாள். கவியா மட்டும் விடாப்பிடியாக 'அழகுவான' என்றே எழுதுவாள்.

அன்று பென்னலூர்ப் பக்கமிருந்த அந்தப் பள்ளிக்குக் கம்பெனிக்காரர்கள் வருவதாக இருந்தது. அவர்கள் கொடுத்த குடிநீர் மெஷின் ரிப்பன் வெட்டிய வாரமே படுத்துவிட்டது. திறந்தால் துரு நிறத்தில் கொட்டும். பிள்ளைகள் வீட்டிலிருந்துதான் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். ஆனாலும் வருஷாவருஷம் அதைத் துடைத்து, மாலை போட்டு, பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கும் சடங்கு மட்டும் தவறுவதில்லை. செத்தவர் படத்துக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடையாது.

தலைமையாசிரியர் பலராமன் வகுப்புக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னா டீச்சர், போர்டுல 'சுத்தமான தண்ணீர்'னு எழுதுங்க. அவங்க வந்தா பசங்க கோரஸா படிக்கட்டும். பாடத்துக்குப் பாடமும் ஆச்சு."

"குடிக்க முடியாத தண்ணிய அப்படிப் படிக்கச் சொல்லி எப்படி சார் சொல்லிக்குடுக்க?"

"டெம்பரவரியா கீறீங்க. அடுத்த வருஷம் வேலை வேணுமா வேணாமா?"

வேண்டும்தான். தூத்துக்குடியிலிருந்து வந்து சுங்குவார்சத்திரத்தில் அறையெடுத்திருப்பவளுக்கு இதை விட்டால் பழையபடி ஃபேக்டரி லைன்தான். பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. முன்னால் இடம் விட்டு, 'தண்ணீர்' என்று மட்டும் எழுதினாள்.

வந்தவர்கள் போர்டுக்கு முன்னால் செல்போனைத் தூக்கினார்கள். தங்கமாரி மெஷினிலிருந்து ஒரு டம்ளர் பிடித்துவந்து பெரிய அதிகாரியிடம் நீட்டினாள்.

"குடிச்சுப் பாருங்க சார். எப்படி இருக்குன்னு நீங்களே சொல்லுங்க, பிள்ளைக எழுதட்டும்."

அவர் டம்ளரைப் பார்த்தார், வாங்கவில்லை. "இல்ல மேடம், இப்பதான் டீ சாப்பிட்டேன்."

வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. கவியா எழுந்து போர்டுக்குப் போனாள். எக்கி நின்று, விட்ட இடத்தில் 'அழுக்கான' என்று எழுதினாள். தங்கமாரி பக்கத்தில் பெரிதாக ஒரு சரி போட்டாள்.

"நாளைலேர்ந்து நீங்க வர வேணாம்" என்று பலராமன் பல்லைக் கடித்தார்.

"நாளைக்குத்தான சார்? இன்னைக்கு நான்தான் டீச்சர்."

வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். "அடுத்து யாரு எழுதுறது?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன.