வாய் போதும்

நகராட்சிச் செயலாளருக்கு அலுவலகத்தில் 'கமா' என்று பட்டப்பெயர். அவர் எழுதத் தொடங்கும் வாக்கியம் எங்கே போய் முடியும் என்று அவருக்கே தெரியாது. மாதாந்தர மக்கள் கூட்டத்துக்கு அவர்தான் அறிவிப்பு எழுதுவார். பேச விரும்புகிறவர் முன்கூட்டியே மனுக் கொடுக்க வேண்டும். அதில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கூட்டமோ காலை பதினோரு மணிக்கு. தலைவரையும் அவரையும் தவிர, மின்விசிறிக் காற்று வாங்க ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வருவார். அவ்வளவுதான்.

"ஜனங்களுக்கு அக்கறையே இல்ல" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கையிடம் அலுத்துக்கொண்டார். சலூன் வைத்திருக்கும் தங்கை அப்போது அவர் தலையில் கத்தரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த நாற்காலியில உக்கார்ற ஒவ்வொருத்தரும் தெருப் பிரச்சினையைத்தான் பேசுறாங்க. அக்கறை இல்லாமலா? எங்க, உன் அறிவிப்பைப் படி பாக்கலாம்."

செல்போனை எடுத்துப் படித்தார். "மேற்படி பொருள் தொடர்பாக, உரிய படிவத்தில், கீழ்க்கண்டவாறு..." பாதியிலேயே மூச்சு வாங்கியது. தங்கை சிரித்த சிரிப்பில் கத்தரி ஆடியது.

"காது பத்திரம்டி!"

"காது பத்திரமாத்தான் இருக்கு. கேக்குறதுதான் இல்ல."

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் பாதி வெட்டிய தலையோடு எங்கே எழுந்து போவது? "அப்ப நீயே சொல்லு, எப்படி எழுதணும்?"

"'வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு நகராட்சி மண்டபத்துக்கு வாங்க. உங்க தெருவுல என்ன குறைன்னு சொல்லுங்க. மனு வேண்டாம், வாய் போதும்.' இவ்வளவுதானே?"

மறுநாள் அதை அப்படியே தட்டச்சு செய்து தலைவரிடம் நீட்டினார். தலைவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"இது அரசாங்க அறிவிப்பு மாதிரியே இல்லையேய்யா?"

"அதனாலதாங்க யாராவது படிப்பாங்க."

தலைவர் சிரித்தபடி கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. வேலை முடிந்து சீருடையோடு வந்த ஒரு நர்ஸ், பேருந்து நிறுத்தத்துக்கு விளக்குக் கேட்டாள். சாக்கடை அடைப்புக்கு யார் காரணம் என்று இரண்டு கடைக்காரர்கள் சண்டை பிடித்து, கடைசியில் நகராட்சிதான் காரணம் என்று ஒற்றுமையானார்கள். பிறகு தங்கை எழுந்தாள்.

"சான்றிதழ் கொடுக்குற ஜன்னலை மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல மூடிடுறாங்க. வேலைக்குப் போறவங்களுக்கு அந்த நேரந்தான் ஒழியுது. திறந்து வைக்கணும்."

அது செயலாளர் போட்ட உத்தரவு. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இதை வீட்டுலயே சொல்லியிருக்கலாமேம்மா!"

"வீட்டுல சொன்னா அண்ணன் கேட்டுட்டுத் தூங்கிடுவார். இங்க சொன்னாச் செயலாளர் பதில் சொல்லணும்."

சிரிப்பில் மண்டபம் அதிர்ந்தது. திறந்து வைக்க வேண்டும் என்பவர்களைத் தலைவர் கை தூக்கச் சொன்னார். எங்கு பார்த்தாலும் கைகள். தயங்கித் தயங்கி, செயலாளரும் தம் கையைத் தூக்கினார்.

வெளியே தங்கை வண்டியோடு காத்திருந்தாள். "கோபமா அண்ணா?"

"இல்லாமலா? கொஞ்ச நஞ்ச மானத்தையும் வாங்கிட்டியே." பின்னால் ஏறி உட்கார்ந்தார். "அடுத்த மாசமும் வந்துடு."

திங்கட்கிழமை முதல் ஊழியர்கள் மாறி மாறிச் சாப்பிடுவதாக ஏற்பாடு. யாரும் முணுமுணுக்கக் கூடாதென்று முதல் நாள் அவரே ஜன்னலில் உட்கார்ந்தார். பசி வயிற்றைக் கிள்ளியது. ஆனால் சிமெண்ட் அப்பிய கைகளோடு ஓடிவந்த கட்டடத் தொழிலாளி ஒருவர், "அட, திறந்திருக்கே!" என்று வாயெல்லாம் பல்லாக நின்றபோது, தங்கையை நாலு வார்த்தை திட்ட வேண்டும் என்று நினைத்திருந்தது அவருக்கு மறந்தே போயிற்று.