மகன் வீட்டுக்குப் போனவர்கள்

செஞ்சிக்கு வெளியே, திருவண்ணாமலை போகிற சாலையில் இருக்கும் அந்த முதியோர் இல்லத்தில் எந்தப் பண்டிகையும் ஞாயிற்றுக்கிழமைதான் வரும். ஆடிக் கூழ் ஞாயிறு. கார்த்திகை தீபமும் ஞாயிறு, அதுவும் பகல் பதினோரு மணிக்கு. சென்னையிலிருந்து காரில் வருகிற விருந்தாளிகளுக்கு அன்றைக்குத்தான் லீவு. திதியாவது நட்சத்திரமாவது, அவர்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிற நாள்தான் இங்கே பண்டிகை. இந்த வருஷம் தைப் பொங்கல், மார்கழி முடிய நாலு நாள் இருக்கும்போதே வந்துவிட்டது. விடிகாலை போகி, பத்து மணிக்குப் பொங்கல், பதினொன்றரைக்குக் காணும் பொங்கல் என்று மேனேஜர் ஷோபனா வெள்ளைப் பலகையில் எழுதிப் போட்டிருந்தாள். மாட்டுப் பொங்கலை விட்டுவிட்டாள். கட்டிப் போட்டுத் தீனி வைக்க இங்கேயே இருபத்திரண்டு பேர் இருக்கும்போது மாடு எதற்கு என்று விருத்தாம்பாள் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

விருத்தாம்பாளுக்கு முந்தின நாள் காலையிலிருந்தே கோபம். அது ஷோபனா மேல் இல்லை, பக்கத்துக் கட்டில் ராஜாம்பாள் மேல்.

விருத்தாம்பாள் தொண்டூர்க்காரி. எழுபத்து மூன்று வயது. பிள்ளை குட்டி கிடையாது. புருஷன் போன பிறகு அண்ணன் மகன் கொண்டுவந்து இங்கே விட்டுவிட்டுப் போனான். ராஜாம்பாள் அவலூர்பேட்டை. ஒரே மகன் நெடுமாறன், பூனாவில் வேலை. மூன்று வருஷமாக இரண்டு பேருக்கும் ஒரே அறை. ஃபேனை எந்த நம்பரில் வைப்பது என்று தினம் ஒரு சண்டை. விருத்தாம்பாளுக்கு வலது கை விரல்கள் மடங்காது, அதனால் தினமும் காலையில் அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவது ராஜாம்பாள்தான். வாரும்போதே ஃபேன் சண்டையும் நடக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ராஜாம்பாளுக்கு மூச்சு இழுத்தது. பின்கட்டில் நோயாளி அறைக்குக் கொண்டுபோனார்கள். விருத்தாம்பாளும் கூடவே போனாள். நாளைக்கு வந்து பாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை காபி நேரத்தில் ஷோபனா வந்து நின்றாள்.

"மூச்சு சரியாயிடுச்சி ஆயா. நெடுமாறன் சார் மெட்ராஸ் வந்திருந்தாராம், ராத்திரியே கார்ல வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. பொங்கலுக்குப் பேரப் புள்ளைங்களோட இருக்கட்டும்னு."

அவ்வளவுதான், விருத்தாம்பாளுக்கு வந்ததே ஆத்திரம். காபி டம்ளரை மேசையில் வைத்த வேகத்தில் பாதி காபி கொட்டிப்போனது.

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா வாயில இருக்குற முத்து உதுந்துடுமா அவளுக்கு? மூணு வருசம் ஒரே ரூம்ல மூச்சு வுட்டவ நானு. மவன் வந்து ஹாரன் அடிச்சதும் செருப்ப மாட்டிக்கினு ஓடிட்டா. போறவ போய்த் தொலையட்டும். திரும்பி வரட்டும், அந்தக் கட்டில்ல காலு வைக்க வுடறனா பாரு."

பக்கத்தில் இருந்த சாரதா, செஞ்சி பஜாரில் மளிகைக் கடை நடத்திய குடும்பத்தவள், பெருமூச்சு விட்டாள். "குடுத்து வச்சவ விருத்தாம்பா. நம்மள எவன் வந்து கூப்புடறான்."

அந்த இல்லத்தில் அதைவிடப் பெரிய யோகம் கிடையாது. மகன் வீட்டுக்குப் போய்விட்டாள், மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று வருஷத்தில் நாலைந்து பேருக்கு அந்த யோகம் அடிக்கும். மற்றவர்கள் ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருப்பார்கள். விருத்தாம்பாள் அன்று முழுக்கத் தலை வாராமலே திரிந்தாள். வாய் ஓயவில்லை. போய்த் தொலையட்டும் என்பதை மட்டும் ஒரு இருபது தடவையாவது சொல்லியிருப்பாள்.

ஞாயிறு விடிகாலை எல்லாரையும் எழுப்பி, ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் மாட்டி, முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ராஜகிரிக் கோட்டை மலை பனியில் மறைந்திருந்தது. வாட்ச்மேன் கோவிந்தராஜ் உடைந்த முக்காலி, அட்டைப் பெட்டி, கந்தல் திரை எல்லாவற்றையும் குவித்துத் தீ வைத்தான். வேலைக்காரப் பெண் ஒருத்தி கை தட்டுங்கள் என்று சொல்ல, கிழங்கள் தட்டின. கோவிந்தராஜ் உள்ளே போய் இன்னும் ஒரு கட்டு தூக்கி வந்தான். சுருட்டிய பாய், அதற்குள் ஒரு தலையணை.

விருத்தாம்பாள் கை தட்டுவதை நிறுத்தினாள்.

அது ராஜாம்பாளின் கோரைப் பாய். மெத்தையில் படுத்தால் முதுகு எரிகிறது என்று மெத்தை மேல் அந்தப் பாயை விரித்துத்தான் படுப்பாள். போன சித்திரையில் வாங்கியது, ஒரு கோரை கூடப் பிரியவில்லை. பழைய பாயைப் போகியில் போடுவது ஊர் வழக்கம்தான். அந்தத் தைரியத்தில்தான் ஷோபனா இதையும் நெருப்பில் தள்ளிவிடச் சொல்லியிருக்கிறாள். ஆனால் நல்ல பாயும் தலையணையும் சேர்ந்தாற்போல் ஒரு வீட்டை விட்டு வெளியே போவது பிணத்துக்குப் பின்னால்தான். செஞ்சியைச் சுற்றி எந்த ஊரில் கேட்டாலும் சின்னப் பிள்ளை கூட அதைச் சொல்லும். மேனேஜர் படித்த படிப்பில் அது இல்லை போலும்.

அவள் எழுந்து நெருப்புக்குப் பக்கத்தில் போனாள்.

"யாரு பாய்டா அது?"

"தெரியல ஆயா. மேடம் எடுத்துப் போடச் சொன்னாங்க."

"உங்கூர்ல பாயும் தலாணியும் எப்பச் சேத்துப் போடுவீங்க?"

கோவிந்தராஜ் மேல்சித்தாமூர் பக்கத்துக்காரன். அவனுக்கும் தெரியும். கையிலிருந்த குச்சியால் சாம்பலைக் கிளறினான்.

"சொல்லுடா. ராஜாம்பா எங்க?"

"பின்னாடி ரூம்ல, ஐஸ் பொட்டில இருக்குறாங்க ஆயா," என்றான் மெதுவாக. "நேத்து விடியறதுக்குள்ளயே முடிஞ்சி போச்சி. இன்னிக்குப் பன்னெண்டு மணிக்கு வண்டி வருது. அவங்க மவன் ஃபிளைட்ல மெட்ராஸ் வர்றாராம். அங்கயே கரண்ட்ல வச்சிடறாங்களாம். நான் சொன்னன்னு சொல்லிடாத ஆயா, வேல போயிடும்."

பாய் பற்றிக்கொண்டு எரிந்தது. நேற்று காபி குடிக்கும்போது, சோறு தின்னும்போது, படுக்கப் போகும்போதெல்லாம் போய்த் தொலை, போய்த் தொலை என்று விருத்தாம்பாள் யாரைத் திட்டினாள்? செத்து, முப்பது அடி தள்ளி ஐஸில் கிடந்தவளை. பாவி, தன்னை இப்படி ஒரு பாவத்தைச் செய்ய வைத்தவள் யார் என்று அவளுக்குத் தெரியும். நேராக ஆபீஸுக்குப் போனாள்.

ஷோபனா பட்டுப்புடவைக்கு சேஃப்டி பின் குத்திக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து கதவைச் சாத்தினாள்.

"மெதுவா பேசுங்க ஆயா. எல்லாருக்கும் டென்ஷன் ஆயிடும். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒருத்தர் தவறிட்டாருன்னு சொன்னதும் ரெண்டு பேருக்கு பிபி ஏறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கினோம். அதுலேர்ந்து சொல்லக் கூடாதுன்னு மேல ஆர்டர். நான் இன்னா பண்ணட்டும்?"

"நாங்க சாவப் போறம்னு எங்களுக்குத் தெரியாதா? அத மறைச்சி வைக்க நாங்க இன்னா பால் குடிக்கற புள்ளைங்களா?"

"ஆயா…"

"அவ மூஞ்சப் பாக்கணும். வாய்க்கரிசி போடணும். மெட்ராஸ்ல கரண்டு அடுப்புல அவளுக்குன்னு நிக்கறதுக்கு எவ இருக்கா? கதவத் தெற."

"ஃபங்ஷன் முடியட்டும். விருந்தாளிங்க கெளம்பனதும் நானே கூட்டிட்டுப் போறேன்."

"எப்பக் கெளம்புவாங்க?"

"சாப்ட்டுட்டு… ஒரு மணிக்கு."

"வண்டி பன்னெண்டுக்கு வருதே."

ஷோபனா கடைசிப் பின்னைக் குத்திக்கொண்டாள். பிறகு, எதுவும் நடக்காதது போல, "பானையில அரிசி போடறது நீங்கதான் ஆயா. விவசாயக் குடும்பத்துக் கைன்னு சொல்லி வச்சிருக்கேன். நல்ல புடவையாக் கட்டிக்கிட்டு வாங்க," என்றாள்.

விருத்தாம்பாள், "சரி, வரேன்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பத்து மணிக்கு முற்றம் களை கட்டியது. ஒரே நிறத்தில் புடவை கட்டிய பத்துப் பன்னிரண்டு விருந்தாளிப் பெண்கள், கரும்பு, கோலம், இரண்டு பக்கமும் ஆள் உயர ஸ்பீக்கர். மூன்று கல் கூட்டி, சாயம் பூசிய பானையில் பால் ஏற்றியிருந்தார்கள். ஷோபனா கையில் ஒயர் இல்லாத மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்துப் பேசினாள். விருத்தாம்பாள் கையில் தாம்பாளத்தைக் கொடுத்தார்கள். அதில் கழுவி வைத்த புது அரிசி.

"இப்ப நம்ம தொண்டூர் விருத்தாம்பாள் ஆயா பானையில புது அரிசி போடறாங்க," என்றாள் ஷோபனா மைக்கில்.

பால் விளிம்புக்கு ஏறியது. விருந்தாளிகள் செல்போனைத் தூக்கினார்கள். விருத்தாம்பாள் பானைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. ராஜாம்பா மவன் வூட்டுக்குப் போவல. நேத்தே செத்துப் போயி பின்கட்டுல ஐஸ் பொட்டில கெடக்குறா. பொணம் கெடக்குற வூட்டுல எவ பொங்க வைப்பா? அப்பிடிச் செய்யற ஊரு எனக்குத் தெரியாது. நான் அவளுக்கு அரிசி போடப் போறன். வரவங்க வாங்க."

தாம்பாளத்தோடு நடந்தாள். முன்வரிசையில் இருந்த தாண்டவராயன், பஸ் டிரைவராக இருந்து ரிடையரானவர், காது மந்தம், பக்கத்து ஆளிடம் இன்னா சொன்னா என்று கேட்டார். அந்த ஆள் அவர் காதுக்குள் சொன்னான். தாண்டவராயன் எழுந்து அடுப்பண்டை போய்க் கைத்தடியால் எரிகிற விறகை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டார். "பொணத்த வச்சிக்கினு அடுப்பு எரிக்கறானுங்க, தூத்தேரி," என்றார். பொங்க வந்த பால் உள்ளே இறங்கியது.

ஷோபனா மைக்கும் கையுமாக ஓடி வந்து பின்கட்டுக் கதவுக்கு முன்னால் நின்றாள்.

"ஆயா, உங்க காலப் புடிச்சிக் கேக்கறேன். இன்னிக்கு ஒரு நாள்."

"அவளுக்கும் இன்னிக்கு ஒரு நாள்தான். தெற."

பின்னால் சாரதா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர். ஒருவரும் நகரவில்லை. ஷோபனா அவர்களைப் பார்த்தாள். தூரத்தில் நின்ற விருந்தாளிகளைப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள்.

பெட்டிக்குள் ராஜாம்பாள் வாய் கொஞ்சம் திறந்தபடி கிடந்தாள். தாடையைக் கட்டக்கூட ஒருத்திக்குத் தோன்றவில்லை. நெற்றியில் ஒரு துளி விபூதி இல்லை. விருத்தாம்பாள் மூடியைத் தூக்கச் சொன்னாள். கோவிந்தராஜ் வந்து தூக்கினான். மடங்காத விரல்களால் அரிசியை அள்ள முடியாமல் உள்ளங்கையில் ஒற்றி எடுத்து அந்த வாயில் போட்டாள்.

"நேத்தெல்லாம் உன்னத் திட்டனன்டி. தெரியாமத் திட்டிட்டன். மனசுல வச்சிக்கினு போவாத."

சாரதா ஒரு பிடி போட்டாள். திரும்பி ஷோபனாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப, ஐப்பசியில மவன் வூட்டுக்குப் போன லட்சுமியம்மா?"

ஷோபனா குனிந்துகொண்டாள்.

"ஆடியில மவ வூட்டுக்குப் போன வாத்தியாரு? குடியாத்தம் போனாருன்னியே."

"இல்லம்மா."

"ஒருத்தராவது போனாங்களா?"

"இல்லம்மா. யாருமே போவல."

அந்தக் குரல் முற்றத்து ஸ்பீக்கர் இரண்டிலும் கேட்டது. ஷோபனா கையில் மைக் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததை அப்போதுதான் எல்லாரும் கவனித்தார்கள். வெளியே தாண்டவராயனுக்குக்கூடக் காது கேட்டிருக்கும். சாரதா வாக்கரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். இரண்டு வருஷமாக அவள் பொறாமைப்பட்ட ஆட்கள் எல்லாம் செத்துப் போனவர்கள்.

விருத்தாம்பாள் தாம்பாளத்தைக் கீழே வைத்தாள்.

"கடைசில இவ இன்னா சொன்னா?"

"அது எதுக்கு ஆயா இப்ப?"

"கேக்கறன் இல்ல, சொல்லு."

ஷோபனாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. "உங்களத்தான் கேட்டாங்க. விருத்தாம்பாளக் கூப்பிடு, விருத்தாம்பாளக் கூப்பிடுன்னு மூணு மணிலேர்ந்து கேட்டுக்கினே இருந்தாங்க. எல்லாரும் முழிச்சிக்குவாங்கன்னுதான் உங்கள எழுப்பல."

விருத்தாம்பாள் கையை ஓங்கினாள். அடிக்கத்தான் ஓங்கினாள், அதில் சந்தேகம் வேண்டாம். ஷோபனா விலகவில்லை. ஓங்கிய கை திரும்பித் தன் நெஞ்சிலேயே விழுந்தது. இன்னொரு தரம் விழுந்தது. "என்னக் கூப்ட்டியாடி, நான் கட்டையாட்டம் தூங்கினு கெடந்தனேடி" என்று அவள் போட்ட ஓலத்தில் சாரதாவும் மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அது இரண்டு ஸ்பீக்கரிலும் ஏறி முற்றத்தைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, சாலையில் போகிற பஸ் வரைக்கும் கேட்டது. விருந்தாளிகள் கார்க் கதவைத் திறந்தார்கள்.

ஷோபனா மைக்கை அணைக்கவில்லை.