தெர்மாகோல் வண்டியில் தங்கிவிட்ட தூக்கம்

மகள் வெளியூர் வேலைக்குக் கிளம்பிய அன்று அவளுடைய தூக்கம் அவளோடு போகவில்லை. அப்பா கட்டிய தெர்மாகோல் வண்டிக்குள்ளேயே தங்கிவிட்டது. முதல் வாரம் தெருவில் இதே பேச்சாக இருந்தது. அப்புறம் குடிதண்ணீர்க் குழாய் உடையவே, எல்லோரும் அந்தப் பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

அப்பா பிரிட்ஜ் மெக்கானிக். அம்மா வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள். மகள் சின்னவளாக இருந்தபோது மூவரும் ஒரு நாள் ஏரிக்குப் போய், இருட்டுவதற்குள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தார்கள். ஒரு ராத்திரியாவது அந்தக் கரையில் மூன்று பேரும் வரிசையாகப் படுத்துத் தண்ணீர்ச் சத்தம் கேட்டபடி தூங்க வேண்டும் என்ற ஆசை அன்று அம்மாவைப் பிடித்தது. பிறகு விடவே இல்லை. பள்ளி விடுமுறை கோடையில்தான் வரும், கோடையில்தான் ஊரிலுள்ள பிரிட்ஜெல்லாம் மக்கர் பண்ணும். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று மகள் அம்மாவை விட உயரமாக வளர்ந்துவிட்டாள். அவளுக்கு வேலை கிடைத்த செய்தி வந்தபோதுதான் அப்பாவுக்கு உறைத்தது. "பொண்ணு கிளம்பறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம். நம்ம வேனுக்குப் பின்னால மாட்டி இழுத்துட்டுப் போற மாதிரி, தங்கறதுக்கு ஒரு வண்டி நானே கட்டறேன்" என்றார். "நீங்க கட்டி, நாம போயி..." என்று அம்மா இழுத்தாள். ஆனாலும் வண்டிக்கு மேலே போர்த்தி ஒட்டும் கான்வாஸ் துணியை அன்றைக்கே அளவெடுக்க உட்கார்ந்துவிட்டாள்.

பழைய வண்டியொன்றின் அச்சும் இரண்டு சக்கரமும் கிடைத்தன. அதன்மேல் நாலு விரல் தடிமனுள்ள தெர்மாகோல் பலகைகளை நிறுத்தி, செருப்பு ஒட்டுகிற ரப்பர் பசையைத் தடவினார் அப்பா. மறுநாள் பார்த்தால் பசை சுவரைத் தின்றிருந்தது. "அப்பா, வீடு கரையுதுப்பா" என்று மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு தச்சர்கள் வைக்கும் வெள்ளைப் பசைக்கு மாறினார். அது நிதானமாகத்தான் காயும். கான்வாஸை ஒட்டி, வீட்டுச் சுவருக்கு அடிக்கும் பெயிண்டை அதன்மேல் அடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. இதற்கிடையில் பிரிட்ஜில் கை பழகிய பழக்கம் வேறு. கதவைச் சுற்றிக் காந்தம் வைத்த ரப்பர் பட்டை போட்டார். திறந்தால் எரியும், மூடினால் அணையும் விளக்கு வைத்தார். கழற்றிப் போட்ட வாஷிங் மெஷின் கதவின் வட்டக் கண்ணாடி ஜன்னலாயிற்று. எதிர்வீட்டு பேங்க்காரர் வந்து பார்த்துவிட்டு, "அப்போ உள்ள படுக்கறவங்க இருட்டுல கிடக்கணுமா?" என்று கேட்டார். "பிரிட்ஜுக்குள்ள தக்காளி லைட்டு கேட்குதா சார்?" என்றார் அப்பா. காற்றுக்கு ஓர் ஓட்டை வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வாழ்நாள் முழுக்க ஓட்டையை அடைத்தே பிழைத்தவர்.

பெயிண்ட் காய்ந்த அன்றுதான் மகள் கிளம்ப வேண்டிய நாளும் வந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, படுக்கையையாவது பார்த்துவிடுகிறேன் என்று உள்ளே போனவள் கண்ணயர்ந்துவிட்டாள். கார் வந்து ஹாரன் அடித்ததும் அரக்கப்பரக்க எழுந்து, வண்டிக் கதவைச் சாத்திவிட்டு ஓடினாள். அவள் எழுந்தாளே தவிர தூக்கம் எழவில்லை. மறுநாள் காலையில் வட்டக் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. அப்பா துடைத்துப் பார்த்தார். பனி உள்பக்கம் இருந்தது. அம்மா சுவரில் காதை வைத்தாள். மூக்கில் லேசாக விசில் அடிக்கும் அந்த மூச்சு, பிறந்ததிலிருந்து அவள் கேட்டு வளர்த்த மூச்சு. "கதவைத் திறந்துடாதீங்க" என்றாள். அப்பா திறக்கவில்லை. தெருவில் ஸ்கூட்டர்காரர்கள் அந்த இடத்தில் ஹாரன் அடிப்பதை விட்டார்கள்.

அதன்பின் வருஷா வருஷம் அப்பாவும் அம்மாவும் வேனின் பின்னால் வண்டியை மாட்டிக்கொண்டு ஏரிக்குப் போனார்கள். கதவைத் திறக்க முடியாததால் வெளியே தரையில் விரித்து, நடுவில் ஓர் ஆள் இடம் விட்டுப் படுத்தார்கள். பக்கத்தில் கூடாரம் போட்டவர்கள் கேட்டால், "உள்ள பொண்ணு தூங்கறா" என்பாள் அம்மா. அவர்கள் பாட்டுச் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள்.

மகளுக்கோ வேலை பார்க்கும் ஊரில் பொட்டுத் தூக்கம் கிடையாது. மாத்திரைக்கும் மசியவில்லை. விடிய விடிய விழித்திருப்பவள் வேறு என்ன செய்வாள், அம்மாவுக்குப் போன் பண்ணினாள். இன்று என்ன குழம்பு, யார் வீட்டுச் சீருடை என்று தினமும் பேசினாள். தூக்கம் எங்கே இருக்கிறது என்று மட்டும் அம்மா சொல்லவில்லை. "திறந்து விட்டுடலாமே, பாவம் புள்ள" என்று அப்பா ஒரு நாள் சொன்னார். "தூக்கம் வராததாலதான் கூப்பிடறா. நல்லா தூங்கிட்டா என்னைய எங்க நினைக்கப் போறா?" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவளே அழுதாள். அவளுக்கு மகள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பல வருஷம் கழித்து மகள் லீவில் வந்தாள். அப்பாவும் அம்மாவும் வண்டியோடு ஏரிக்கரையில் இருந்த நேரம், நேராக அங்கேயே வந்து இறங்கினாள். கண்ணுக்குக் கீழே கன்றிப்போய், கன்னம் ஒட்டி, தன் அம்மாவுக்கே அக்கா மாதிரி இருந்தாள். அம்மா அந்த முகத்தைப் பார்த்தாள். எழுந்து போய், வண்டிக் கதவின் பிடியைப் பற்றி இழுத்தாள். காந்தம் விட்டது, விளக்கு எரிந்தது. உள்ளிருந்து பழைய மத்தியானத்தின் வெதுவெதுப்பு வெளியே வந்தது. "போடீ, போய்ப் படு. உன்னோடதுதான்" என்றாள்.

"நீயும் வாம்மா" என்றாள் மகள். அப்பா கதவிடுக்கில் ஒரு செருப்பைச் செருகிவிட்டு, தானும் ஓரமாக ஒண்டிக்கொண்டார். மூன்று பேரும் வரிசையாகப் படுத்தார்கள். மகள் மறுநாள் மாலை வரை தூங்கினாள். தண்ணீர்ச் சத்தத்தை அவள் கேட்கவில்லை. அம்மாதான் ஒரு சொட்டு விடாமல் கேட்டாள்.

லீவு முடிந்து கிளம்பும்போது மகள் வண்டியின் கதவை நன்றாக அழுத்திச் சாத்தினாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு அவள் பையில் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ராத்திரித் தூக்கத்தை மட்டும்தாம்மா எடுத்துட்டுப் போறேன்" என்றாள் மகள். "மத்தியானத் தூக்கம் உள்ளயே இருக்கு. ஆபீஸ்ல அதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

இப்போது அவள் ஞாயிற்றுக்கிழமைதான் போன் பண்ணுகிறாள். வட்டக் கண்ணாடியில் மத்தியானங்களில் மட்டும் பனி படிகிறது. அந்த நேரத்தில் அம்மா தையல் மெஷினை மிதிப்பதில்லை.