வெள்ளிக்கிழமை சைலன்சர்

வெள்ளிக்கிழமை காலைகளில் சுரங்க டவுன்ஷிப்பில், பதினெட்டாம் பிளாக்கின் கடைசித் தெருவில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடந்தன. ஆதிலட்சுமி தன் குவார்ட்டர்ஸ் வாசலில் கோலம் போட்டாள். எதிர் வீட்டுத் தகரக் கொட்டகையில் கலியன் காருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சைலன்சர் வாயைத் துலக்கினான். கோலத்தைவிட சைலன்சருக்கு அதிக நேரம் பிடித்தது. கோலம் முடிந்துவிட்டால் வீட்டுக்குள் போக வேண்டியிருக்குமே என்று ஆதிலட்சுமியும் ஒவ்வொரு புள்ளியையும் யோசித்துத்தான் வைப்பாள்.

கார் நல்லசாமியுடையது. பழைய வெள்ளைக் கார். மனைவி பொன்னம்மாள் இறந்த பிறகு அது தெருமுனையைத் தாண்டியதில்லை. ஆபீசுக்கும் காய்கறிக்கும் அவர் ஸ்கூட்டரில் போனார். பேட்டரி செத்துவிடக் கூடாது என்று வெள்ளிக்கிழமை மட்டும் காரை ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் உறுமவிட்டு அணைப்பார். அந்தக் கொஞ்ச நேரத்தில் சைலன்சர் வாயில் என்ன கரி படியுமோ அதைத் துடைக்கத்தான் கலியன். கலியனுக்கு வேலை இருக்கட்டும் என்றுதான் வண்டி புகை விடுகிறது என்பார் ஆதிலட்சுமியின் வீட்டுக்காரர் சக்கரபாணி. அவர் மைன்சில் பெர்மனென்ட். இப்படியெல்லாம் யோசிக்க அவருக்கு நேரம் இருந்தது.

கலியனின் வேலையில் ஒரு வரிசை உண்டு. ஊறவைத்த புளியை முதலில் குழாயின் உதட்டில் அப்பி, கரி இளகும்வரை விட்டுவிடுவான். பிறகு தேங்காய் நாரைச் சாம்பலில் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்ப்பான். விரலில் துணியைச் சுற்றி உள்ளே விட்டுக் குடைவான். கழுவி, பழைய லுங்கியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, கடைசியில் உலர்ந்த சாம்பலால் ஒரு மெருகு. நல்ல எஃகுக் குழாய். எவ்வளவு தேய்த்தாலும் தாங்கியது. முடிந்ததும் தலையைச் சாய்த்து அதில் தன் முகத்தைப் பார்ப்பான். மூக்கு மட்டும்தான் பெரிதாகத் தெரியும்.

இந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைத்தது பொன்னம்மாள். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு துலக்கி மிச்சமான புளியையும் சாம்பலையும் கொட்டாங்கச்சியில் எடுத்துவந்து, வீணாகப் போவானேன், அந்தக் குழாயையும் ஒரு தேய் தேய்த்துவிடு என்று கலியனிடம் நீட்டுவாள். அவள் போன பிறகு வீட்டுக்குள் விளக்கு துலக்குவது நின்றுவிட்டது. கொட்டகையில் நிற்கவில்லை.

சாம்பலுக்கு அங்கே என்ன குறைச்சல். நிலக்கரி எரிக்கிற அனல்மின் நிலையத்திலிருந்து காற்று இந்தப் பக்கம் திரும்பினால் மொட்டைமாடி, துணிக்கொடி, வேப்பிலை என்று எல்லாவற்றிலும் வந்து உட்கார்ந்துவிடும். மற்றவர்கள் திட்டிக்கொண்டே கூட்டித் தள்ளுவதைக் கலியன் கொட்டகைக் கூரையிலிருந்து வழித்து, வேட்டித் துணியில் சலித்து, டப்பாவில் பத்திரப்படுத்துவான்.

"ஏன் கலியா, உங்க ஊரத் தோண்டி எரிச்ச சாம்பலுலதான் வெளக்கிக்கினு இருக்கியா?" என்று ஆதிலட்சுமி ஒரு தடவை கோலத்திலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"ஆமாங்கம்மா," என்றான் கலியன், திரும்பாமல். "அதான் இந்தப் பளபளப்பு."

அந்தப் பதிலை அவள் சாயந்திரத்துக்குள் தெரு முழுவதும் விநியோகித்துவிட்டாள்.

கலியனின் ஊர் கம்மாபுரம் பக்கம். இப்போது அந்த இடத்தில் ஊர் இல்லை, சுரங்கப் பள்ளம் இருக்கிறது. அவனுக்கு அங்கே நிலம் எதுவும் இருந்ததில்லை. கூலிக்கு நாற்று நட்ட நிலங்களும் ஒரு கூரை வீடும்தான். வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த மனையில் தம்பி வீடு கட்டிக்கொண்டான். அதில் அண்ணனின் பாய்க்கு இடமில்லை என்பதைத் தம்பி மனைவி வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. கலியன் மைன்சில் கான்ட்ராக்ட்டில், ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற மண்ணை அள்ளிக்கொண்டிருந்தான். கான்ட்ராக்டர் மாறியபோது, வந்தவர் வயதைச் சொல்லி கேட் பாஸ் தரவில்லை. மனைவி அதற்கு முன்பே செத்துப்போயிருந்தாள். மகள் இளவேனில் திருப்பூரில், ஒற்றை அறையில், புருஷன் மாமியாரோடு. தெருவில் கார் கழுவிப் பிழைத்தவனைக் கொட்டகையில் ஒரு கட்டில் போட்டுக்கொள்ளச் சொன்னவளும் பொன்னம்மாள்தான். காருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு டிரங்குப் பெட்டி, ஆணியில் ஒரு கண்ணாடி. அவ்வளவுதான் கலியனின் வீடு.

பொன்னம்மாள் இல்லாத வீட்டில் நல்லசாமி வராந்தாவில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார். கலியன் கொட்டகையில் இருப்பான். சாயந்திரம் அவரே டீ போட்டு, ஒரு தம்ளரைக் காம்பவுண்டு தூணின் மேல் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குடிப்பார்கள், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு. ஏதாவது பேசுவார்கள் என்று ஆதிலட்சுமி ஆன மட்டும் காது கொடுத்துப் பார்த்தாள். தம்ளர் வைக்கிற சத்தம்தான் கேட்டது.

மே மாதக் கடைசியில் நல்லசாமிக்கு ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போகிறார். வீடு, அவருடைய செக்ஷனிலேயே இருக்கிற சுபாஷுக்கு அலாட் ஆகிவிட்டது. கொட்டகை நல்லசாமி தன் கைக்காசில் போட்டது என்றாலும், வீட்டோடு ஒட்டிய எதுவும் அடுத்து வருகிறவருக்கு என்பதுதான் டவுன்ஷிப் வழக்கம். முருங்கை மரமும் அப்படித்தான், துணி துவைக்கிற கல்லும் அப்படித்தான். கலியன் எந்தக் கணக்கில் வருவான் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

"சார், புது சாருகிட்ட ஒரு வார்த்த சொல்லி வைங்க," என்றான் கலியன், ஒரு வெள்ளிக்கிழமை, தம்ளரைக் கழுவிக் கொடுக்கும்போது. "நான் பாட்டுக்கு அந்த மூலையில கெடந்துக்கறேன். வண்டி வாசல் எல்லாம் பாத்துக்கினு."

"சொல்லிடறேன் கலியா."

நல்லசாமி பொய் சொல்கிறவர் அல்ல. நாளைக்குச் சொல்லலாம் என்கிற ரகம். ஆபீசில் சுபாஷ் அவருடைய மேசைக்கு முன்னால்தான் தினமும் வந்து நின்றான். பைல் பேச்சு முடியும், மெஷின் ரிப்பேர் பேச்சு முடியும், கலியன் பேச்சு தொண்டைக்கு வருவதற்குள் சுபாஷ் போய்விடுவான். கலியன் அடுத்த வெள்ளிக்கிழமையும் கேட்டான். அதற்கும் அடுத்ததற்கும் அதே பதில்தான்.

கடைசி நாள் வந்தது. டவுன்ஷிப்பில் மாதக் கடைசி என்றால் ஏதாவது ஒரு தெருவில் மாலை போட்ட கார் ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கும். ரிட்டயர் ஆனவரைச் சக ஊழியர்கள் ஊர்வலமாக வீட்டில் கொண்டுவந்து விட்டு, வெடி வெடித்து, சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். நல்லசாமியை ஏற்றிக்கொண்டு வந்தது சுபாஷின் கார். வாங்கி அதிக நாள் ஆகவில்லை. கருநீலம். பின்னால் பம்பரில், இடத்துக்கு ஒன்று வலத்துக்கு ஒன்றாக, அகலமான இரண்டு வெள்ளிப் பளபளப்பு வாய்கள்.

கலியன் முதலில் பார்த்தது அதைத்தான்.

எல்லோரும் பந்திக்கு உள்ளே போனார்கள். கலியனை அடுத்த பந்தியில் உட்காரச் சொன்னார்கள். அவன் கொட்டகைக்குப் போய்ப் புளிக் கிண்ணத்தையும் சாம்பல் டப்பாவையும் நாரையும் எடுத்துக்கொண்டு வந்து, சுபாஷின் காருக்குப் பின்னால் குத்துக்காலிட்டான். யாரும் சொல்லவில்லை. சார் மறந்திருந்தாலும், புது சார் கை கழுவிக்கொண்டு வெளியே வரும்போது தன் காரைப் பார்ப்பார், யார் செய்தது என்று கேட்பார்.

விரலில் துணியைச் சுற்றி உள்ளே விட்டான். விரல் கொஞ்ச தூரத்தில் முட்டி நின்றது. துணியில் கரியும் ஒட்டவில்லை. புது மாடலுக்கு மூடி போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான். புளியை அப்பினான். சாம்பலைத் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தான். கழுவிவிட்டுத் துடைத்தபோது முன்பு இருந்த பளபளப்பு கொஞ்சம் மங்கியிருந்தது. தேய்த்தது போதவில்லை என்று இன்னும் அழுத்தித் தேய்த்தான். இன்னும் மங்கியது. அடுத்த வாய்க்குப் போனான்.

ஆதிலட்சுமி கேட்டில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நிறம் மாறுவது அங்கிருந்தே தெரிந்தது. கூப்பிட்டுச் சொல்லலாமா என்று அவளுக்கும் தோன்றியது. சொல்லியிருந்தால் பார்ப்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

உள்ளே பந்தியில் நடந்ததை, நல்லசாமிக்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்த சக்கரபாணி பிறகு சொன்னார். பாயசம் வந்த சமயத்தில் நல்லசாமி ஒருவழியாக வாயைத் திறந்தாராம். அந்தக் கொட்டகை விஷயம் ஒன்று இருக்கிறது சுபாஷ் என்று தொடங்கினாராம். காரைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, பொன்னம்மாள் அம்மா ஞாபகமாக வைத்திருக்கிறீர்கள், எத்தனை மாதம் வேண்டுமானாலும் நிற்கட்டும், மகன் வந்து எடுக்கிறபோது எடுக்கட்டும் என்றானாம் சுபாஷ். நல்ல மனசு. நல்லசாமிக்குக் கண் கலங்கிவிட்டதாம். இன்னொன்றும் இருக்கிறது, வெளியே போய்ச் சொல்கிறேன் என்றாராம்.

வெளியே வந்தார்கள். சுபாஷ் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டே பின்பக்கம் வந்து நின்றான். கலியன் எழுந்து, நனைந்த கைகளைக் கட்டிக்கொண்டு ஒதுங்கினான்.

இரண்டு வாய்களும் வெளுத்துப்போய், மயிரிழை மயிரிழையாய்க் கீறியிருந்தன. ஓரிடத்தில் வெள்ளிப் பூச்சு உரிந்து உள்ளேயிருந்த கறுப்பு தெரிந்தது. சுபாஷ் குனிந்து கட்டைவிரலால் அதைத் தடவினான். கோபப்படவில்லை. அது சக்கரபாணிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"இது பிளாஸ்டிக்குங்க," என்றான். "சும்மா ஷோவுக்கு வச்சிருக்காங்க. நெஜ சைலன்சர் அடியில இருக்கு."

கலியன் குனிந்தான். தரையில் கையூன்றி இன்னும் தாழ்ந்து பார்த்தான். பம்பருக்கு அடியில், கண்ணுக்குப் படாமல், இரண்டு விரல் தடிமனில் ஒரு துருப்பிடித்த குழாய் தரையைப் பார்த்து வளைந்திருந்தது.

"தேச்சா வந்துடுங்க சார்," என்றான், கீழே இருந்தபடியே. "இன்னொரு தபா தேச்சா வந்துடும்."

"வேணாங்க. விடுங்க."

சுபாஷ் நல்லசாமியைச் சற்றுத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனான். ஆதிலட்சுமி வீட்டு கேட்டிலிருந்து அந்த இடம் பக்கம்தான்.

"இன்னொன்னு சொல்றேன்னீங்களே சார்."

நல்லசாமி கழுத்து மாலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். மாலையில் ஒரு பூ தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்தார்.

"ஒன்னுமில்ல," என்றார்.

"நானே கேக்கணும்னு இருந்தேன். ராத்திரி ஷிப்டுக்குப் போனா வீட்ல தனியா இருப்பாங்க, பாருங்க." சுபாஷ் குரலைத் தாழ்த்தினான். "வண்டி நிக்கட்டும் சார். ஆளு வேணாம்."

"சரி," என்றார் நல்லசாமி.

கலியன் அடுத்த பந்தியில் உட்காரவில்லை. இலையை யாரும் எடுத்து வைக்கவுமில்லை.

லாரி வந்தபோது பீரோவையும் கட்டிலையும் அவன்தான் மற்றவர்களோடு சேர்ந்து ஏற்றினான். நல்லசாமி ஏறுவதற்கு முன்னால் அவனிடம் போன் பண்ணு கலியா என்றார். நம்பர் கொடுக்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அன்று வெள்ளிக்கிழமை இல்லை. இருந்தாலும் கலியன் கொட்டகைக்குள் போய்ப் பழைய காரின் பின்னால் உட்கார்ந்து, புளி, நார், சாம்பல், துணி என்று ஒன்று விடாமல் செய்துவிட்டு, தன் கட்டிலை நிமிர்த்திக் கயிறுபோட்டு முதுகில் கட்டிக்கொண்டான். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவைத் தாண்டினான்.

எங்கே போனான் என்பதில் தெருவில் ஒற்றுமை இல்லை. திருப்பூருக்கு என்றாள் ஆதிலட்சுமி. குறிஞ்சிப்பாடியில் யாரோ சொந்தக்காரர் என்றார்கள் வேறு சிலர். பஸ் ஸ்டாப் நிழற்குடையில் அந்தக் கட்டிலைப் பார்த்ததாக சக்கரபாணி சொன்னார். ஆளைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்றார். அந்தத் தெருவுக்குத் தெரியாமல் போன விஷயம் அநேகமாக அது ஒன்றுதான்.

சுபாஷ் குடிவந்ததும் கொட்டகைக்குக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டினான். பழைய கார் உள்ளே நிற்பதால் புதுக் காருக்கு இடமில்லை. அது வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. பின்னால் புது வாய்கள் மாட்டியாகிவிட்டது. காலையில் அதன் மேல் விரலால் பேர் எழுதுகிற அளவுக்குச் சாம்பல் படிந்திருக்கும். கழுவுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை கோலம் போடும்போது ஆதிலட்சுமிக்கு எதிரே கம்பிக் கதவுக்குள் தெரிகிறது: வெள்ளைக் காரின் மின்னுகிற சைலன்சர் வாய், சுவரில் காலி ஆணி. காருக்கும் சுவருக்கும் நடுவே, கட்டில் போட்டிருந்த நீளத்துக்கு, வெறும் தரை.